அழுக்கை எடுக்கும் கை

முடி வெட்டிக்கொண்டு வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. நாயைத் தொட்டவன் கைகால் கழுவாமல் சாமி அறைப் பக்கம் போகக்கூடாது. இரண்டையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் பாட்டி. இரண்டுக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றே: தீட்டு. பாட்டியின் கணவர், என் தாத்தா, தோட்டத்து முடிதிருத்துபவர். தாத்தாவின் கை பட்டது என்பதற்காகத் தோட்டமே தலைமுழுகியது. அந்தக் கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்தவர் பாட்டிதான்.

மூன்றாம் தலைமுறையாக நானும் கத்தரி பிடித்தேன். கோத்தா திங்கி டவுனில் இருந்த கடையை மூடிய பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது. இப்போது வீட்டின் பின்கட்டில் நாய்களையும் பூனைகளையும் குளிப்பாட்டி, முடி கத்தரித்து, நகம் நறுக்கி அனுப்புகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், ஒருவர் சொல்லி இன்னொருவர் வருகிறார். ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்; போகிற வழியெல்லாம் காரில் வாந்தி எடுக்கும் நாயை யார் ஏற்றிப் போவது? முன்பு தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினேன். இப்போதும் தலைக்கு இவ்வளவுதான், வாலும் அதில் சேர்த்தி.

இந்த வேலையில் உட்கார்ந்தால் ஒரு கேள்வி விடாமல் வந்து நிற்கிறது. சுத்தம் என்பது விலகி இருந்து காப்பாற்றிக்கொள்ளும் ஒன்றா, இல்லை கை வைத்துச் செய்யும் காரியமா? மதங்கள் இரண்டையும் சொல்கின்றன. ஒரே மூச்சில் சொல்கின்றன. எனக்குத் தெரிந்தவரை, அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழிக்கிற பிராணி நாய். நாய்க்கு அடுத்தபடியாக, என் தொழில்காரன்.

நாயைக் குளிப்பாட்டத் தெரியாதவர்கள் தண்ணீரில் தொடங்குவார்கள். சீப்பில் தொடங்க வேண்டும். சிக்கு விழுந்த முடி நனைந்தால் இன்னும் இறுகிவிடும். பிறகு கத்தரியைத் தவிர வழியில்லை. சீவும்போதே விரல் நுனி உடம்பைப் படித்துவிடும். காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி உட்கார்ந்திருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போட வேண்டும். நகத்தால் நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள நோய் நம் கைக்கு வரலாம். இரத்தம் குடித்துப் பருத்த ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைச் சுத்தம் செய்துவிட்டுச் சுவரை விட்டால் அடுத்த மாதம் அதே நாய் அதே உண்ணியோடு வரும்.

மனிதனுக்குப் போடும் ஷாம்பு நாய்க்கு ஆகாது. நம் தோல் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிஷினை ஓட்டும்போது பிளேடு சூடேறும். கடையில் செய்த மாதிரியே அடிக்கடி என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சுடுகிறது என்று நாய் சொல்லாது. கடித்த பிறகுதான் நமக்குத் தெரியும். “இந்த வெயிலுக்கு மொட்டையடிச்சிடுங்கண்ணே” என்று ஹஸ்கியையும் பொமரேனியனையும் கொண்டுவருவார்கள். அந்த இனங்களுக்கு முடி இரண்டு அடுக்கு. உள்முடி குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கும். ஒட்ட வழித்துவிட்டால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி முளைக்காமல் போகலாம். உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுத்தால் போதும். நாய் தானாகக் குளிர்ந்துவிடும்.

பூனை வேறு ஜாதி. அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கைத் தன் உடம்பை நக்குவதிலேயே கழிக்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் பூனையின் நாக்கை நுணுகிப் பார்த்து எழுதினார்கள். நாக்கில் உள்ள முட்களின் நுனி அகப்பை போலக் குழிந்திருக்கிறதாம். அந்தக் குழியில் எச்சிலை மொண்டு, முடியின் அடிவரை கொண்டுபோய்த் தோலை நனைக்கிறதாம். எச்சில்பட்ட டம்ளரைத் தனியே ஒதுக்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. நமக்கு எது அசுத்தத்தின் தலைவாசலோ, அதுவே பூனைக்குக் குளியல் நீர். சுத்தத்தின் இலக்கணம் ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, பிராணிக்குப் பிராணியும் மாறுகிறது.

எச்சில் குளியலைத் தெய்வத்துக்கே செய்தவர் நம்மிடம் இருக்கிறார். காளத்தி மலையில் வேடர் கண்ணப்பர், சுவர்ணமுகி ஆற்றில் வாய்கொள்ளத் தண்ணீர் முகந்து வந்து சிவலிங்கத்தின் மேல் உமிழ்ந்தார். வாயில் அதுக்கிப் பதம் பார்த்த இறைச்சியைப் படைத்தார். பூசை செய்யும் சிவகோசரியார் மறுநாள் காலை வந்து, எலும்பும் இறைச்சியும் கிடக்கக் கண்டு பதறி, இடத்தைக் கழுவி, தானும் மறுபடி குளித்துவிட்டு வந்து முறைப்படி பூசை செய்தார். ஒருவர் பகலில் கழுவ, ஒருவர் மாலையில் எச்சில் படுத்த, நாள்கள் போயின. சேக்கிழார் இதைச் சொல்லும்போது சிவகோசரியாரைக் கேலி செய்யவில்லை. அவரும் அன்பால்தான் கழுவினார். இரண்டு பேரின் சுத்தத்தையும் வாங்கிக்கொண்டது ஒரே கல்.

என் வீட்டுக்குப் பக்கத்து வீடு மலாய்க் குடும்பம். அந்த வீட்டுக்காரம்மாவை நான் காக் என்பேன். அவர் என்னை அபாங் என்பார். ஃபெல்டா நிலக்குடியேற்றத்தில் பிறந்து வளர்ந்தவர். மூன்று பாரசீகப் பூனைகள் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் முடி சடைபிடிக்கும். அதைக் கத்தரியால் வெட்டப் போனால், சடையோடு தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வந்து அறுபட்டுவிடும். சீப்பைத் தோலுக்கும் சடைக்கும் நடுவே கொடுத்து, சீப்புக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். அதற்குத்தான் அவருக்கு நான் தேவை.

முதல் தடவை பூனைக் கூடையை வேலிக்கு மேலாக நீட்டியபோது காக் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அபாங், அந்தச் சீப்பு... நாய்க்கும் போடுறதா?”

நியாயமான கேள்வி. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி நெறியில் நாய் கடும் அசுத்தம். உலர்ந்த நாயை உலர்ந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. இடையில் ஈரம் வந்துவிட்டால் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீர். இங்கே பேச்சு வழக்கில் சமாக் என்பார்கள். அதற்கென்று களிமண் சேர்த்த சோப்பே கடையில் விற்கிறது. ஈரத்தில்தான் சிக்கல் என்றால் என் தொழிலே சிக்கல். குளித்து எழுந்த நாய் உடம்பை ஒரு உலுப்பு உலுப்பும். அந்தத் தூவானம் எவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

ஆகவே என் பின்கட்டு காக்கின் மார்க்கச் சட்டப்படி நடக்கிறது. பூனைக்குத் தனிச் சீப்பு, தனித் துவாலை, தனி மேசை. நாய்க்கு உள்ளவை வேறு நிற வாளியில், வேறு மூலையில். வேலியோரம் துத்தநாகத் தகடு நிறுத்தியிருக்கிறேன். நாய்த் தண்ணீர் என் பக்கத்து லோங்காங் வடிகாலில் மட்டும் ஓடும்படி சிமெண்டு வரம்பு கட்டியிருக்கிறேன். காக் வீட்டுக் கொடியில் தொழுகைத் துணி காயும் நேரத்தில் நாயைக் குளிப்பாட்டுவதில்லை. “அவங்களுக்காக நீங்க ஏண்ணே இவ்வளவு கஷ்டப்படணும்?” என்று நம் ஆள்களே கேட்பதுண்டு. எனக்கு இது கஷ்டமாகத் தெரியவில்லை. தவிர, வெவ்வேறு சீப்பு வைத்துக்கொள்வது நோய் பரவாமலிருக்கவும் நல்லது. மலேசியப் பூனைகளிடம் மூக்கிலும் பாதத்திலும் புண் உண்டாக்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. கீறலின் வழியாக மனிதனுக்கும் தொற்றும். மூக்கில் ஆறாத புண்ணோடு வரும் பூனையைக் கையுறை இல்லாமல் தொடமாட்டேன். நேரே கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். நாய்க்குப் போடும் சில உண்ணி மருந்துகள் பூனைக்கு விஷம். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனை உடம்பில் பட்டால் வலிப்பு வரும். மார்க்கம் பிரித்து வைக்கச் சொன்னதை மருந்தும் பிரித்து வைக்கத்தான் சொல்கிறது.

பலர் நினைப்பது போல அந்த மார்க்கம் நாயை வெறுக்கச் சொல்லவில்லை. நபிகள் சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் ஒரு செய்தி இருக்கிறது. தாகத்தில் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். இறைவன் அவருடைய பாவங்களை மன்னித்தான். அதே தொகுப்புகளில், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட ஒரு பெண் நரகத்துக்குப் போன செய்தியும் இருக்கிறது. குர்ஆனின் 18-ஆம் அத்தியாயத்தில் குகையில் உறங்கும் இளைஞர்களோடு ஒரு நாய் வாசலில் முன்னங்கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் வாதாடும்போதெல்லாம் நாயையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். மாலிக் இமாமின் நெறியில் உயிரோடுள்ள நாய் சுத்தமானதுதான். ஒரே நபிமொழியை வைத்துக்கொண்டு இரண்டு இமாம்கள் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு பேரையும் முஸ்லிம் சமூகம் மதிக்கிறது.

2014 அக்டோபர் 19-ஆம் தேதி பண்டார் உத்தாமாவில் சையத் அஸ்மி அல்ஹப்ஷி என்பவர் ‘நாயைத் தொட விரும்புகிறேன்’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நாயைத் தொட்ட பிறகு மார்க்கப்படி எப்படிக் கழுவிக்கொள்வது என்பதையும் அங்கே செய்து காட்டினார்கள். பெரிய சர்ச்சை ஆனது. அவருக்கு மிரட்டல்கள் வந்தன. சர்ச்சையை விடுங்கள். அந்த நிகழ்ச்சியின் உள்ளே இருந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. தொடு, பிறகு கழுவிக்கொள். சட்டத்தைத் தூக்கி எறியாமலே பயத்தை மட்டும் எடுத்துவிடப் பார்த்தார்கள்.

ஏழு முறை என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆறு போதாது, எட்டு வேண்டாம். ஏழாவது தண்ணீர் வடிந்ததும் விஷயம் முடிந்தது. கழுவிய கையை யாரும் மறுநாள் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. கடுமையான சட்டம்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. திரும்பி வர வழி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் வருவோம். மகாபாரதத்தை எடுத்தால் வாசலிலேயே ஒரு நாய். ஜனமேஜயனின் வேள்விச் சாலைக்குள் ஒரு நாய்க்குட்டி நுழைகிறது. அரசனின் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டே தாயிடம் போய்ச் சொல்கிறது. தாய் சரமா நேரே வேள்விச் சாலைக்கு வந்து கேட்கிறது: என் பிள்ளை நெய்யை நக்கினானா? அவிசைப் பார்த்தானா? ஒரு குற்றமும் செய்யாதவனை ஏன் அடித்தீர்கள்? அரச குமாரர்களிடம் பதில் இல்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறது. சக்கரவர்த்தி நடுங்கிப் போய், அந்தச் சாபத்தைத் தீர்க்க ஒரு புரோகிதரைத் தேடி அலைகிறான்.

இதிகாசத்தின் கடைசியிலும் ஒரு நாய். மனைவியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, தருமனுக்குப் பின்னால் அது மட்டும் வருகிறது. இந்திரன் தேரோடு வந்து நிற்கிறான். நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறு என்கிறான். அண்டி வந்ததைக் கைவிட்டுவிட்டு எனக்கு எந்தச் சொர்க்கமும் வேண்டாம் என்கிறான் தருமன். பிறகு நாய் தன் உருவைக் காட்டுகிறது; அது தருமதேவதை. கதை கேட்பவர்கள் இந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். நான் விடுவதில்லை. தருமன் தேரை மறுத்தபோது அவனுக்கு அது வெறும் நாய். அந்த நேரத்துத் தீர்மானம்தான் கதை. அதற்குப் பிறகு வருவது மங்களம்.

இந்தக் கதை எங்கள் ஊருக்கும் ஒரு தடவை வந்தது. 2006 டிசம்பரிலும் மறுபடி 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு கரையை உடைத்துக்கொண்டு கோத்தா திங்கிக்குள் புகுந்தது. டவுன் முழுவதும் தண்ணீர். படகில் ஏற்றி வெள்ள நிவாரண மையங்களுக்குக் கொண்டுபோனார்கள். நாய்களை ஏற்ற முடியாது. அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரே கூடத்தில் பாய் விரித்து எல்லா இனமும் படுக்கும் இடம். அங்கேயே தொழுகையும் நடக்கும். ஈர நாயை உள்ளே விட்டால் அத்தனை பேருக்கும் தண்டனை. ஆனாலும் எங்கள் வரிசையில் ஒரு சீனத் தாத்தா மாடிப்படியில் தன் கிழட்டு நாயோடு உட்கார்ந்துவிட்டார். படகு வந்தது, கூப்பிட்டது, போனது. அடுத்த நாள் அதே படகில் வந்த மலாய்ப் பையன் ஒருவன் அவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்தான். கூடவே ஒரு காலி டின்னில் மீன் குழம்புச் சோறு. அது யாருக்கு என்று சொல்லவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை. இந்திரனின் சட்டமும் தருமனின் பிடிவாதமும் ஒரே படகில் போகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது வரைக்கும் நாய்க்கதை. என் கதை இனிமேல்தான்.

தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு இளைஞர் தன் நாயைக் கொண்டுவந்தார். செம்பனைத் தோட்டத்தில் ஜாகா, அதாவது காவல், வேலை பார்க்கும் கறுப்பு நாட்டு நாய். காது முழுக்க உண்ணி. கழுத்தில் மாலையோடு, மஞ்சள் துணியோடு இளைஞர் கேட்டுக்கு வெளியே நின்றார்.

“விரதம்ணே. நாயைத் தொடக்கூடாது. நீங்களே பிடிச்சுக்குங்க.”

“அப்ப இங்க வரைக்கும் எப்படித் தம்பி கொண்டாந்தீங்க?”

“லோரில பின்னால கட்டி.”

நாய் வெளியே அவரைப் பார்த்தது, உள்ளே என்னைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. நான் தூக்கி வந்தேன். வேலை முடிந்ததும் அவர் பணத்தை மதில்மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். நாயைத் தொட்ட என் கையில் அவர் கை படக்கூடாது. கெட்ட பையன் இல்லை. “ரொம்ப நன்றிண்ணே” என்று மனதாரச் சொன்னார். வைரவரை வணங்குகிற குடும்பம்தான். வைரவர் காலடியில் நிற்கும் நாய்க்கு மாலையும் போடுவார்கள். கல் நாய்க்கு உண்ணி பிடிப்பதில்லை.

அந்த இரண்டடி தூரம் எனக்குப் பழக்கமானது. தாத்தா காலத்தில் தோட்டத்தில் சாவு விழுந்தால் முதலில் ஆள் அனுப்புவது தாத்தாவுக்கு. கருமாதிக்கு மழிக்க அவர் வேண்டும். குழந்தைக்கு முதல் மொட்டைக்கு அவர் வேண்டும். கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ய அவர் வேண்டும். கட்டி வந்தால் கீற, புண் வந்தால் மருந்து வைக்க அவர்தான். தமிழ்நாட்டில் எங்கள் ஆள்களை மருத்துவர் என்று அழைக்கும் வழக்கம் அப்படி வந்ததுதான். வேலை முடிந்ததும் அவருக்குத் தனி டம்ளரில் தேத்தண்ணீர். மழித்துக்கொண்டவர் குளித்தார், சுத்தமானார். மழித்த தாத்தாவும் குளித்தார். அவர் சுத்தமாகவில்லை.

என் சந்தேகமெல்லாம் இந்த இடத்தில்தான். காக் வீட்டுச் சட்டத்துக்கு ஏழாவது தண்ணீரில் முடிவு. சாவுத் தீட்டுக்குப் பதினாறாம் நாள் முடிவு. விரதம் கழிந்தால் அந்த இளைஞர் தன் நாயைக் கொஞ்சுவார். அதற்கும் முடிவு உண்டு. முடிவுள்ள தீட்டு ஒரு ஒழுங்கு. அதை நான் மதிக்கிறேன். அதற்காகத் தகடு நிறுத்துவேன், வரம்பு கட்டுவேன். முடிவில்லாத தீட்டு ஒன்று இருக்கிறதே, பிறந்ததும் ஒட்டிக்கொண்டு, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பேரப்பிள்ளை வரைக்கும் போகாதது, அதற்கும் அழுக்குக்கும் சம்பந்தமே இல்லை. அது வேலை வாங்கிக்கொண்டு ஆளைத் தள்ளிவைக்கிற தந்திரம்.

‘நாய்க்கும் அப்படித்தானே முடிவில்லாமல் இருக்கிறது?’ என்று யாராவது மடக்கலாம். உண்மைதான். நாயை ஏழு முறை கழுவினாலும் ஷாஃபி சட்டத்தில் அது நாய்தான். ஆனால் நாய்க்கு அது தெரியாது. நான் குளிப்பாட்டி விட்டதும் ஓடிப்போய் மண்ணில் புரளும். தலை நிமிர்ந்துதான் வீட்டுக்குப் போகும். தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. தன் டம்ளர் எது என்று தெரிந்து, அதைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

காசியில் ஆதிசங்கரருக்கு எதிரே நான்கு நாய்களோடு ஒரு புலையர் வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். விலகிப் போ என்றாராம் சங்கரர். எதை விலகச் சொல்கிறீர், சோற்றால் ஆன இந்த உடம்பையா, உள்ளே இருக்கும் அறிவையா, அது உமக்கும் எனக்கும் ஒன்றுதானே என்று திருப்பிக் கேட்டாராம் புலையர். சங்கரர் காலில் விழுந்து ஐந்து சுலோகம் பாடினார். அருமையான கதை. ஆனால் உடனே சொல்லிவிடுவார்கள்: வந்தவர் சிவபெருமான், நான்கு நாய்களும் நான்கு வேதங்கள். நாய் நாயாகவே இருந்து மரியாதை வாங்க முடியவில்லை. புலையர் புலையராகவே இருந்து அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. வேஷம் கலைந்து தெய்வம் தெரிந்தால்தான் நாம் வழிவிடுகிறோம்.

அதனால்தான் எனக்கு உபாலியைப் பிடிக்கும். புத்தர் காலத்தில் சாக்கியர்களுக்கு முடிதிருத்தியவர். ஆனந்தர், அனுருத்தர், தேவதத்தன் முதலிய சாக்கிய இளவரசர்கள் துறவு பூணப் போனபோது, தங்கள் நகைகளைக் கழற்றி உபாலியிடம் கொடுத்துத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர் நகைமூட்டையை மரத்தில் தொங்கவிட்டுவிட்டுத் தானும் பின்னாலேயே போனார். இளவரசர்கள் புத்தரிடம் வைத்த வேண்டுகோள்தான் விசேஷம்: இவருக்கு முதலில் துறவு கொடுங்கள்; பிறகு எங்களுக்கு. முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்குவது சங்கத்தின் முறை. தங்கள் குலத் திமிர் அடங்கட்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். புத்தர் மறைந்த பிறகு ராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில், துறவிகளின் ஒழுக்க விதிகள் அத்தனையும் உபாலியைக் கேட்டுத்தான் உறுதி செய்யப்பட்டன. எது சுத்தம், எது குற்றம் என்று ஒரு மதத்துக்கே எடுத்துச் சொன்னவர் ஒரு சவரத் தொழிலாளி. அவர் யாருடைய அவதாரமும் இல்லை.

நம் அறுபத்துமூவரிலும் அப்படி ஒருவர் உண்டு. காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர், துணி வெளுப்பவர். அடியார்களின் கந்தலை வாங்கித் துவைத்துக் கொடுப்பதே அவருடைய பூசை. ஒரு நாள் மழை விடாமல் பெய்து, குளிரில் நடுங்கிய கிழவரின் துணியை உலர்த்தித் தர முடியாமல் போக, தலையைத் துவைக்கும் கல்லில் மோதினார். இறைவன் கை வந்து தடுத்தது. இங்கே சிவன்தான் அழுக்குத் துணிக்காரர். நாயனார் துணி வெளுப்பவராகவே இருந்தார், வெளுப்பவராகவே வணங்கப்படுகிறார்.

கழுவாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என்னைவிட அதிகமாகக் கை கழுவுகிறவர் இந்தத் தாமானில் கிடையாது. கத்தரியைச் சுடுநீரில் போடுகிறேன், மிஷின் பிளேடை ஸ்பிரிட்டில் துடைக்கிறேன், நாய் நகம் நறுக்கும்போது உள்நரம்பு பட்டு இரத்தம் கசிந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடிக்கிறேன். சுத்தத்தின் அருமை அதைத் தினமும் செய்கிறவனுக்குத் தெரியும். அதைச் செய்யாமல் அதிலேயே உட்கார்ந்திருக்க மட்டும் விரும்புகிறவருக்கு ஒன்று புரிவதில்லை: இந்த உலகத்தில் எந்தச் சுத்தமும் தானாக நடப்பதில்லை. ஒருவர் வெள்ளையாக இருக்க எங்கேயோ ஒரு கை கறுத்துக்கொண்டிருக்கிறது. பூனை ஒன்றுதான் இதற்கு விலக்கு. அது தன் வேலையைத் தானே செய்துகொள்கிறது. பாரசீகப் பூனையைத் தவிர.

எங்கள் தொழிலுக்கு இப்போது பிள்ளைகள் வருவதில்லை. தாத்தாவின் டம்ளர்தான் காரணம் என்று முழுக்கச் சொல்ல முடியாது, சம்பளமும் காரணம். நாய், பூனை வேலைக்கு மட்டும் ஓரிரு இளைஞர்கள் ஆர்வமாக வந்து கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் இரண்டு விதி வைத்திருக்கிறேன். வருகிற பிராணி யார் வீட்டிலிருந்து வந்தாலும் அந்த வீட்டின் வழக்கத்தைக் கேட்டுக்கொள். ஏழு தண்ணீர் என்றால் ஏழு, மண் என்றால் மண். நாயைக் கொண்டுவருகிறவர் உள்ளே வந்து, அதன் தலையைத் தன் கையால் பிடித்துக்கொள்ளட்டும். அது அவருடைய நாய். முதல் விதியைக் கேட்டு இந்துக்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டாவதைக் கேட்டு எல்லா மதத்துக்காரர்களும் சுளிப்பார்கள்.

சாமியைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அழுக்கைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். எந்த அழுக்கும் தண்ணீருக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டதுதான். கட்டுப்படாத ஒன்றை ஒரு மனிதன்மேல் யாராவது காட்டினால், அந்த அழுக்கு கழுவப்படுகிறவனிடம் இல்லை, காட்டுகிறவர் கண்ணில் இருக்கிறது. அதைக் கழுவுவதற்கு என் கை போதாது. அவரவர் கையால்தான் முடியும்.